எல்லாத்தையும் நிறுத்திட்டேன் டாக்டர்

அவசர சிகிச்சைப் பிரிவில் அன்று இருந்த டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவின் இமையை விரலால் விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு மட்டும்தான் டாக்டர். தூக்க மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தாங்க. அதை எல்லாத்தையும் நான் நிறுத்திட்டேன்."

அதைச் சொல்லும்போது என் குரலில் ஒரு பெருமை இருந்தது. அம்மாவை மீட்டுவிட்ட மகளின் பெருமை. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப நிறுத்துனீங்க?"

"நாலு நாள் ஆச்சு."

"எத்தனை வருஷமா போட்டாங்க?"

"ஒன்பது வருஷம்."

அவர் திட்டவில்லை. நர்ஸ் பக்கம் திரும்பி ஓர் ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். லோரசெபாம். நாலு நாளைக்கு முன்னால் நான் அட்டை அட்டையாகப் பிதுக்கிக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிய மாத்திரையின் பெயர் அது. அதே மருந்துதான் இப்போது அம்மாவின் வலிப்பை நிறுத்த நரம்பு வழியாக உள்ளே போனது.

இது நடந்தது 2023 ஜூனில். இத்தனை நாள் எழுதவில்லை. பதற்றத்துக்கான மாத்திரைகளால் வரும் கேட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். அடிமையாகிவிடுவோம், மறதி வரும், எச்சரிக்கை என்று. அதெல்லாம் உண்மை. ஆனால் அப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் நான் அந்த மாத்திரைகளைக் கொட்டினேன். பயந்துபோய், பாசத்தில், ஒரே ராத்திரியில். அந்த மருந்தை ஒன்பது வருஷம் கணக்கில்லாமல் போட்டது எவ்வளவு பெரிய தவறோ, அதைவிட ஆபத்தான தவறை நான் நாலே நாளில் செய்துவிட்டேன். அதை எழுதாமல் விட்டால் மனசு ஆறாது.

முதலில் இருந்து சொல்கிறேன்.

2014-இல் அப்பா போனார். ஒரு சாயங்காலம் நெஞ்சு வலிக்கிறது என்றார், அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அம்மாவுக்கு அப்போது 58 வயது. ஆறு ராத்திரி கண்ணை மூடவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வேண்டிய ஒரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, அல்பிரசோலம் 0.25 மில்லிகிராம், ராத்திரி ஒன்று, 14 மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். "ரெண்டு வாரம் நல்லாத் தூங்கட்டும்மா, சரியாயிடும்," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று ராத்திரி அம்மா தூங்கினாள். நாங்கள் எல்லோரும் அந்தத் தூக்கத்தைக் கும்பிட்டோம்.

எனக்குத் தொழில் கணக்குத் தணிக்கை. காகிதம் எதையும் தூக்கிப் போட மாட்டேன். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 14 என்று தெளிவாக எழுதியிருக்கிறது. 14 ராத்திரிக்கு எழுதிய சீட்டு 3,285 ராத்திரிக்கு நீண்டது. எப்படி என்று கேட்டால், யாரும் எந்தக் குற்றமும் செய்யாத மாதிரிதான் நீண்டது. பதினைந்தாம் நாள் மாத்திரை தீர்ந்தது, அன்று தூக்கம் வரவில்லை. அண்ணன் பழைய சீட்டைக் காட்டி இன்னொரு அட்டை வாங்கி வந்தான். மூணு மாதத்தில் ஒன்று போதவில்லை, இரண்டு ஆனது. வருஷம் திரும்பியதும் 0.5. அப்புறம் அதில் இரண்டு. நடுவில் படபடப்பு என்று போய்ப் பார்த்த வேறொரு டாக்டர், பழைய மாத்திரை பற்றிக் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அவர் லோரசெபாம் 1 மில்லிகிராம் எழுதினார். "தேவைப்பட்டா போடுங்க." தேவை தினமும் மதியம் மூணு மணிக்கு வந்தது.

அந்த மூணு மணியை நான் இப்போது வேறு மாதிரி புரிந்துகொள்கிறேன். அல்பிரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டதில் பெரும்பகுதி மறுநாள் மதியத்துக்கெல்லாம் வடிந்துவிடும். அப்போது கை நடுங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், காரணமில்லாமல் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றும். நாங்கள் அதை அம்மாவின் பதற்றம் என்று நினைத்தோம். பதற்றத்துக்குத்தானே மாத்திரை என்று இன்னொன்றைக் கொடுத்தோம். அது மருந்து வடியும்போது உடம்பு போடும் கூச்சல் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவிலேயே மருந்தில்லாத தவிப்பு ஆரம்பித்துவிடுகிறது. அந்தத் தவிப்பையே நோய் என்று நம்பி மேலும் மேலும் மருந்து போடுகிறோம்.

நானும் போட்டேன். அதையும் எழுத வேண்டும். 2021-இல் அலுவலகத்தில் ஒரு பெரிய கூட்டம். முதல் நாளே வயிற்றைப் பிசைந்தது. அம்மா, "இதுல ஒண்ணு போட்டுக்கோடி, மனசு லேசாயிடும்," என்று லோரசெபாம் ஒன்றைக் கையில் வைத்தாள். தலைவலி மாத்திரை மாதிரிக் கொடுத்தாள், நானும் அப்படியே வாங்கிப் போட்டுக்கொண்டேன். கூட்டத்தில் நிதானமாகப் பேசினேனாம். கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேனாம். எனக்கு முதல் கால் மணி நேரம்தான் நினைவிருக்கிறது. மீதியைக் கூட்டக் குறிப்பில் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று நானே வண்டி ஓட்டிக்கொண்டு வீடு வந்திருக்கிறேன். வந்த வழி எதுவும் நினைவில் இல்லை. அந்தச் சாலையில் யார் நடந்தார்கள், எந்தக் குழந்தை குறுக்கே வந்தது, நான் எங்கே பிரேக் போட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது. மருந்து மூளையில் இருக்கும் நேரத்தில் நடப்பதைப் புதிதாகப் பதிய விடாது. பார்ப்பவர்களுக்கு நாம் விழிப்போடு இருப்பதுபோலவே தெரியும். அடுத்தவர் மாத்திரையை ஒரே ஒரு தடவை போட்டதற்கே எனக்கு இது.

அம்மாவுக்கோ கேடு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. 2019-இல் முழங்கால் அறுவை சிகிச்சை. வலிக்கு ஓபியாய்டு வகை, அதாவது அபின் குடும்பத்து மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் ராத்திரி அம்மாவை எழுப்ப முடியவில்லை. மூச்சு இழுத்து இழுத்து, நடுநடுவே நின்று நின்று வந்தது. தோளைப் பிடித்து உலுக்கி உட்கார வைத்தேன். மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டோம். அதற்கு மூன்று வருஷம் முன்பே, 2016 ஆகஸ்டில், அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்த வலி மாத்திரை, அம்மா போட்ட மாத்திரை ஆகிய இரண்டு வகைகளின் மருந்துக் குறிப்பிலும் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்க்கச் சொல்லியிருந்தது: சேர்த்துப் போட்டால் மூச்சு அடங்கி உயிர் போகலாம். மதுவோடு சேர்த்தாலும் அப்படித்தான். அம்மா அப்போதே ஐந்து வருஷமாகப் போட்டுவந்த மாத்திரையை "மாத்திரை" என்றே நாங்கள் கணக்கில் எடுக்காததால், அறுவை சிகிச்சைக்கு முன் கொடுத்த பட்டியலில் அதை எழுதவே இல்லை. எழுதாமல் விட்டது நான்.

அப்புறம் 2022-இல் ராத்திரி எழுந்து போகும்போது விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வயதானவர்களுக்கு இந்த மருந்து நடையைத் தள்ளாட வைக்கும், விழுந்து எலும்பு முறிவது அதிகம் என்பதெல்லாம் மருத்துவர்கள் எப்போதோ எழுதி வைத்த பாலபாடம். பேரன் பெயர் சட்டென்று நாக்கில் வரவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று மூணு தடவை போய்ப் பார்த்தாள். வயசாகிறது என்றோம். எதற்கெடுத்தாலும் வயசு மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

2023-இல்தான் அந்தக் கட்டுரையைப் படித்தேன். படித்த ராத்திரியே கொட்டினேன்.

அந்த நாலு நாளை நான் மறக்க விரும்பவில்லை. முதல் நாள் அம்மா தூங்கவில்லை, ஆனால் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் ஜன்னல் திரையை இழுத்து மூடச் சொன்னாள். வெளிச்சம் கண்ணில் ஊசி மாதிரிக் குத்துகிறது என்றாள். மூன்றாம் நாள் நான் பக்கத்து அறையில் ஒரு ஸ்பூனைத் தட்டில் வைத்தேன், அந்தச் சின்னச் சத்தத்துக்கு அம்மா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கத்தினாள். உள்ளங்கையில் எறும்பு ஊர்கிறது என்று தேய்த்துக்கொண்டே இருந்தாள். புடவை முழுக்க வியர்வை. "ஒண்ணே ஒண்ணு குடுடி, கெஞ்சிக் கேக்கறேன்," என்றாள். அடிமைத்தனம் பேசுகிறது, நாம் உறுதியாக இருக்க வேண்டும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மா," என்றேன். நாலாம் நாள் காலையில் பல் தேய்த்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே விறைத்து விழுந்தாள்.

அவள் கேட்டதைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு இதைச் சொல்ல இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்பது ராத்திரியும் நான் போனில் படித்துக்கொண்டே இருந்தேன். குற்ற உணர்ச்சியோடு படிக்கும்போது எல்லாம் ஆணி அடித்த மாதிரிப் பதிகிறது. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

மூளைக்குள் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. துள்ளுகிற நரம்பணுக்களைப் பார்த்து "போதும், அடங்கு" என்று சொல்லுவதே அதன் வேலை. பென்ஸோடையஸெபின் என்ற இந்த மருந்துக் குடும்பம், அதாவது அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம், டயஸிபாம் எல்லாம், அந்தக் குரலுக்கு ஒரு ஒலிபெருக்கி வைக்கின்றன. முதல் சில நாள் அற்புதமாக இருக்கும். ஆனால் ஒலிபெருக்கியிலேயே கேட்டுப் பழகிய காது மந்தமாகிவிடும். நரம்பணுக்கள் காபாவின் சாதாரணக் குரலுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகின்றன. கிளர்ச்சியூட்டும் பக்கமோ, அந்த அடக்குமுறைக்கு ஈடுகட்ட மேலும் பலமாகக் கத்தப் பழகுகிறது. இந்த நிலையில் ஒரே ராத்திரியில் ஒலிபெருக்கியைப் பிடுங்கினால் அடங்கச் சொல்லும் குரல் யாருக்கும் கேட்காது. எதிர்க்குரல் மட்டும் முழு வேகத்தில். வெளிச்சம் குத்துவது, ஸ்பூன் சத்தம் இடியாகக் கேட்பது, கடைசியில் வலிப்பு எல்லாம் அதுதான். குடியை வருஷக்கணக்கில் குடித்தவர் சட்டென்று விட்டால் வருவதும் இதே வகைதான். ஊசியும் புகையும் போட்டவர்களுக்குத்தான் இதெல்லாம் என்று நான் நினைத்திருந்தேன். டாக்டர் எழுதிய சீட்டில் வாங்கிய வெள்ளை மாத்திரையால் இப்படி ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் குடும்பத்தின் முதல் மருந்தான குளோர்டையஸெபாக்சைடு 1960-இல் விற்பனைக்கு வந்தது. லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் செய்து கிடப்பில் போட்டிருந்த பொருள் அது. 1957-இல் ஆய்வுக்கூடத்தைச் சுத்தம் செய்யும்போதுதான் தற்செயலாகக் கவனத்துக்கு வந்தது. 1963-இல் டயஸிபாம். அதற்கு முன் இருந்த பார்பிச்சுரேட்டு என்ற தூக்க மருந்துகள் கொஞ்சம் கூடினாலே ஆளைக் கொன்றுவிடும் என்பதால், இதைப் பாதுகாப்பானது என்று உலகமே கொண்டாடியது. தனியாகப் போட்டால் அது ஓரளவு உண்மைதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு வருஷம். 1961. மருந்து வந்த மறு வருஷமே லியோ ஹோலிஸ்டர் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும், மிக அதிக அளவில் மாதக்கணக்கில் குளோர்டையஸெபாக்சைடு எடுத்த 11 பேருக்கு அதைத் திடீரென நிறுத்தி, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 10 பேருக்குப் புதிய தொந்தரவுகள் வந்தன. இரண்டு பேருக்கு வலிப்பு. 1961-இல் அச்சாகிவிட்ட செய்தி, 62 வருஷம் கழித்தும் எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது. 2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மறுபடி எச்சரிக்கையைத் திருத்தி, சொன்னபடி போட்டாலும் உடம்பு சார்ந்துபோகும், திடீரென நிறுத்தினால் வலிப்பு உட்பட உயிருக்கே ஆபத்து வரும் என்று இந்தக் குடும்பம் முழுவதற்கும் சேர்த்தது. சார்ந்துபோவது வேறு, அடிமையாவது வேறு என்பதையும் அந்த ராத்திரிகளில்தான் கற்றுக்கொண்டேன். அம்மா போதைக்கு ஏங்கியவள் இல்லை. அவள் மூளை ஒன்றைத் தாங்குகோலாக வைத்து நின்றிருந்தது. அந்தக் கோலை நான் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டு, அவள் கெஞ்சியதை ஒழுக்கக் குறைவு மாதிரி நடத்தினேன்.

நான்காவது வாரம் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த அம்மையார் எழுந்து வெளியே வந்து, "பைத்தியம் இல்லைம்மா, நீங்க படிக்கட்டுல மேல நிக்கிறீங்க, கீழ இறங்கணும். உங்க பொண்ணு உங்களை மேலேருந்து தள்ளிவிட்டுடுச்சு. நாம நடந்து இறங்கலாம்," என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போனோம்.

அங்கேதான் மில்லிகிராம் பற்றிய என் அறியாமை உடைந்தது. ராத்திரி அல்பிரசோலம் 1, மதியம் லோரசெபாம் 1. மொத்தமே 2 மில்லிகிராம், பிரஷர் மாத்திரையே 5 இருக்கிறதே என்று நான் நினைத்திருந்தேன். அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரைகளிலிருந்து மக்களை இறக்குவதற்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்தியவர் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன். அவர் கணக்கில் அரை மில்லிகிராம் அல்பிரசோலமும், ஒரு மில்லிகிராம் லோரசெபாமும், தனித்தனியே சுமார் 10 மில்லிகிராம் டயஸிபாமுக்கு ஈடு. அப்படியானால் அம்மா தினமும் போட்டது 30 மில்லிகிராம் டயஸிபாம். நான் ஒரு ராத்திரியில் பூஜ்யமாக்கியது அதை.

ஆஸ்பத்திரியில் திரும்ப ஆரம்பித்திருந்த, வேகமாக வடியும் அந்த மருந்துகளைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக டயஸிபாமுக்கு மாற்றினார். அது உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் வடிவது மெதுவாக இருக்கும், மூணு மணிக் கலவரம் வராது. ஆனால் அதே காரணத்தால் வயதானவர்களுக்குச் சேர்ந்து சேர்ந்து மயக்கம் அதிகமாகலாம் என்று முதல் மாதம் வாரத்துக்கு ஒரு முறை வரச் சொல்லிப் பார்த்தார். பிறகு இரண்டு வாரம், மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அப்போது எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ குறைப்பது. "நின்னு நின்னு இறங்கலாம். கஷ்டமா இருந்தா அதே படியில ஒரு மாசம் உக்காந்துக்கலாம். திரும்பி மேல மட்டும் ஏற வேண்டாம்." இது அம்மாவின் வயசுக்கும் ஈரலுக்கும் பார்த்துப் போட்ட கணக்கு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இதே கணக்கைப் போட வேண்டாம். குளோனசெபாமுக்கு வேறு வழி இருக்கலாம், வலிப்பு நோய்க்காகவே இதை எடுப்பவர்களுக்கு எல்லாமே வேறு.

இறங்க 18 மாதம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நான் கறுப்புத் துணி ஒன்றை விரிப்பேன். மேலே 2 மில்லிகிராம் மாத்திரைகள். நடுவில் ஒரு கோடு இருக்கும். புது பிளேடை அந்தக் கோட்டில் வைத்து ஒரே அழுத்து. மெதுவாக அழுத்தினால் நொறுங்கிவிடும். பாதிகளைத் தனியே, கால்களைத் தனியே ஏழு சின்ன டப்பாவில் போடுவேன். துணியில் சிந்திய வெள்ளைத் தூளை அம்மா விரலால் தொட்டுப் பார்ப்பாள். "இந்தத் தூசிக்கா இவ்வளவு ஆட்டம்," என்பாள். கடைசி இரண்டு மாதம் அந்தக் கால் மாத்திரை, அரிசியில் உடைந்த நொய் அளவுதான் இருக்கும். அதைக் குறைத்தபோதுதான் அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

டாக்டர் ஒரு நோட்டு போடச் சொன்னார். அம்மாவே எழுதினாள். அந்த நோட்டு என் மேசையில் இருக்கிறது, அவள் அனுமதியோடு சில வரிகள்:

"நாள் 41. தூக்கம் 3 மணி. காதுக்குள்ள ரீங்காரம். வெளிச்சம் கூசுது."

"நாள் 58. காரணமே இல்லாம இவ மேல கோபம். சாயங்காலம் சரியாச்சு."

"நாள் 112. மழைச் சத்தம் கேட்டுது. கேட்டு ரொம்ப வருஷம் ஆன மாதிரி இருந்துது."

"நாள் 203. இன்னிக்கு குறைக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். டாக்டர் சரின்னாங்க."

"நாள் 260. பேரன் ஸ்கூல்ல நடந்ததைச் சொன்னான். மறுநாளும் ஞாபகம் இருந்துது."

நாள் 290-க்கு அப்புறம் ஒரு பக்கம் முழுக்க எதுவும் இல்லை. ஈரம் பட்டுக் காகிதம் சுருங்கியிருக்கிறது. அந்த வாரம்தான் அம்மா அப்பாவுக்காக அழ ஆரம்பித்தாள். பத்து வருஷம் கழித்து. அலமாரியில் அவர் கண்ணாடிக் கூடு கைக்குத் தட்டுப்பட்டது, அதைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நேற்று போன மாதிரி அழுதாள். நான் பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். அவர், "விடுங்க. அவங்க அப்ப அழ முடியலை. இப்ப முடியுது," என்றார். நோய் எதுவும் இல்லாமல் துக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. அப்பா போனது 2014. அந்த 14 மாத்திரையை எழுதிய டாக்டர் மீது எனக்குக் கோபம் இருந்தது, இப்போது குறைந்திருக்கிறது. ஆனால் ஆறு நாள் தூங்காத ஒருத்தியின் பக்கத்தில் நாங்கள் நாலு பேர் மாறி மாறி உட்கார்ந்திருக்கலாம். அழ விட்டிருக்கலாம். எங்களுக்கு அந்த மௌனத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையில் அந்த மாத்திரை எங்கள் நிம்மதிக்காகவும்தான்.

இந்த மருந்தே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வலிப்பு வந்த அன்று அம்மாவைக் காப்பாற்றியது இதே மருந்துதான். அறுவை சிகிச்சைக்கு முன், கடும் பதற்றத்தின் முதல் சில நாட்களில், குடியை விடுபவர்களுக்கு ஆஸ்பத்திரியில், இதற்கு இடம் இருக்கிறது. சீட்டை நீட்டும்போதே "எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துறது?" என்று யாராவது கேட்டிருந்தால் போதும். நாங்கள் கேட்கவில்லை.

அம்மா முழுசாகப் பழைய ஆள் ஆகிவிடவில்லை. காதில் ரீங்காரம் சில நாள் வருகிறது. தூக்கம் ஐந்து மணி நேரம்தான், அதுவும் விட்டு விட்டு. சில பெயர்கள் இன்னும் வருவதில்லை. ஆனால் கனவு வருகிறது என்கிறாள். காலையில் எழுந்ததும் சொல்கிறாள், நான் பல்லைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறேன்.

போன மாதம் சித்தி போன் செய்தாள். அம்மாவின் தங்கை. நாலு வருஷமாகக் குளோனசெபாம் போடுகிறாள் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். சித்தி உற்சாகமாக இருந்தாள். "அக்கா, உன் கதையைக் கேட்டதுலேருந்து மனசே சரியில்ல. நானும் இன்னிக்குக் காலையிலேயே எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். இனிமே தொட மாட்டேன்."

அம்மா உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"கடைசியா எப்ப போட்டே?"

"நேத்து ராத்திரி."

"குப்பைக்காரங்க வந்துட்டாங்களா?"

"இன்னும் வரல. ஏன்க்கா?"

"போய் எடு. இப்பவே எடு. ராத்திரி எவ்வளவு போடுவியோ அதை அப்படியே போடு. நாளைக்கு டாக்டர்கிட்ட போவோம், நான் கூட வரேன்."

சித்தி ஏதோ சொல்ல வந்தாள். அம்மா விடவில்லை. "பேசாதே. போனை வைக்காம போய் எடு, நான் இங்கேயே இருக்கேன்," என்றாள். ஸ்பீக்கரில் செருப்புச் சத்தம் கேட்டது, கதவு திறந்தது, அப்புறம் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்க்கும் சத்தம். அம்மா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அட்டை கையில் கிடைத்துவிட்டது என்று சித்தி சொல்லும்வரை அப்படியே நின்றிருந்தாள்.